இருபது அடி தூரத்தில் ஒரு மச்சினன்

வேங்கையன் வாசலைத் தாண்ட மறுத்தான். இதிலிருந்து தொடங்குவதுதான் முறை. பிறகு நடந்த எல்லாமே அந்த வாசற்படியில் ஆரம்பித்தவை.

வேங்கையன் ஒரு வீடியோ கேமின் நாயகன். கேமின் பெயர் ‘பழி’. அரசனின் படையாட்கள் அவன் மனைவியைக் கொன்றுவிடுகிறார்கள். அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒன்பது கோட்டைகளைப் பிடித்து, கடைசியில் அரசனைக் கொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் எங்கள் நிறுவனம் வருடக்கணக்கில் உழைத்துக் கோட்டைகளையெல்லாம் கட்டி முடித்திருந்தது. கோட்டைக்குப் போக வேண்டியவன்தான் வீட்டைவிட்டு வரவில்லை.

மற்ற கேம்களில் நாயகன் அழுதால் அது யாரோ வரைந்த கண்ணீர். வேங்கையனுடையது அப்படியல்ல. மனைவியை இழந்த உண்மையான மனிதர் ஒருவரின் தலையில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டி, நாற்பது நாள் அவர் மனம் போன போக்கையெல்லாம் பதிவு செய்து, அதிலிருந்து வேங்கையனுக்கு ஒரு மனம் செய்திருந்தோம். ஆடுகிறவர் கன்ட்ரோலரை அழுத்தினால் வேங்கையன் நடப்பான். ஆனால் அவனுக்கே மனமில்லை என்றால் நடக்க மாட்டான். எங்கள் பெருமையே அதுதான். விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருந்தோம்.

என் வேலை உரை எழுதுவது. வேங்கையனின் மனம் என் திரையில் கோடுகளாக ஓடும். அவற்றைப் பார்த்து, இந்த இடத்தில் இவன் என்ன உணர்கிறான், எதனால், என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். அந்த வரியை வைத்துத்தான் இசை போடுவார்கள், முகத்தைத் திருத்துவார்கள். முழுப்பெயர் குழல்வாய்மொழி, அலுவலகத்தில் குழலி.

“என்னங்க குழலி, பயமா அவனுக்கு?” என்று இயக்குநர் பிரகதீஷ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பொள்ளாச்சிக்காரர். கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்.

“பயமில்ல சார்.”

“அப்பறம் சோம்பேறித்தனமா? அரிவாள் கையில கொடுத்தாச்சு, கதவு தொறந்து கெடக்குது, வெளிய குதிரையே நிக்குதுங்க. படி வரைக்கும் வர்றான், நின்னுக்கறான், திரும்பிப் போய் உக்கார்றான்.”

“எக்கா, குதிரையை நான்தான் செஞ்சேன்,” என்றாள் பக்கத்தில் இருந்த ஷெரின். நாகர்கோவில் பெண், உருவங்களுக்கு நடையும் அசைவும் எழுதுபவள். “அது நின்னு நின்னு கால் வலிச்சுக் கெடக்கு. அதுக்காவது ஒரு உரை எழுதுங்க.”

நான் கோடுகளை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். வேங்கையன் கூடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். தெருவில் காலடிச் சத்தம். கோடு சட்டென்று எழும்புகிறது. வருபவன் படைவீரன். கோடு விழுகிறது. அடுத்த காலடி. எழும்புகிறது. மோர்க்காரி. விழுகிறது. கொன்றவனைக் கண்டாலும் மோர்க்காரியைக் கண்டாலும் அவனுக்கு ஒரே ஏமாற்றம். பழி வாங்க நினைப்பவனுடைய கோடு இப்படி ஓடாது.

“யாரையோ எதிர்பார்க்கிறான்,” என்றேன். “வர வேண்டிய ஆள் ஒருத்தர் வரல. அதனால இவன் கிளம்ப முடியல. இதான் என் உரை.”

“யாருங்க வரணும்? கதையில அவனுக்கு யாருமே இல்லையே. எல்லாரும் எதிரிங்க.”

“அதைப் பதிவு கொடுத்தவர்கிட்டதான் கேட்கணும்.”

பதிவு கொடுத்தவர் பெயர் ஆவுடையப்பன். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்தவர். மனைவி உலகம்மாள் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, சமையலறையில் நின்ற நிலையிலேயே போய்விட்டார். ஃபோனில் நான் நிலைமையைச் சொன்னேன்.

“உங்க ஆளுக்கு உருமா கட்டியாச்சாம்மா?”

“இல்லையே.”

“பின்ன எப்படிம்மா வெளிய வருவான்?” என்றவர் ஃபோனை வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நானும் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவள்தான். எங்கள் பக்கத்துச் சில குடும்பங்களில் மனைவி இறந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மனைவியின் உடன்பிறந்தவன் புதுத்துணி கொண்டுவந்து, அத்தானின் தலையில் தலைப்பாகையாகக் கட்டுவான். அதுதான் உருமா. கட்டிவிட்டுக் கையைப் பிடித்துக் கடைவீதி வரைக்கும் கூட்டிப்போய் வருவான். எங்கள் வீட்டுப் பெண் போய்விட்டாள், ஆனாலும் நீ எங்கள் ஆள்தான், எழுந்து உன் பாட்டைப் பார் என்று அந்த வீடே சொல்வதாகப் பொருள். அது கட்டுகிற வரைக்கும் துக்கக்காரன் வீட்டைவிட்டு நல்லது கெட்டதுக்குப் போகமாட்டான். தானே எடுத்துக் கட்டிக்கொள்ளவும் முடியாது.

வேங்கையனின் உலகத்தில் குதிரை இருந்தது, யானை இருந்தது, ஒன்பது கோட்டைகள் இருந்தன. ஒரு மச்சினனை மட்டும் நாங்கள் செய்யவில்லை.

பிரகதீஷுக்கு இதை விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது. “அவ்வளவுதானுங்களா? ஷெரின், ஒரு மச்சினன்!”

“கறுப்பா, சிவப்பா சார்?”

“செத்துப்போன பொண்ணோட மூக்கை வெச்சு விடு, போதும்.”

ஷெரின் செய்தாள். மூக்கு நன்றாகவே பொருந்தியது. தோளில் மடித்த வெள்ளைத் துணியோடு மச்சினன் தெருவில் வந்தான். வேங்கையனின் கோடு எழும்பியது. இந்த முறை விழவில்லை. மச்சினன் உள்ளே வந்து, எதிரில் நின்று, துணியை உதறி, நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினான். வேங்கையன் எழுந்தான். அரிவாளை எடுத்துக் கூரை இறவாணத்தில் செருகி வைத்தான். மச்சினன் கையைப் பிடித்தபடி படியைத் தாண்டினான்.

அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் வேங்கையன் கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அங்கே ஒரு கிழவியிடம் வெள்ளரிக்காய் வாங்கினான். மரத்தடியில் மச்சினனோடு உட்கார்ந்து தின்றான். படைவீரர்கள் இருவர் அந்த வழியாக வந்தார்கள். காலை மடக்கி வழி விட்டான்.

“அடே, கொன்னவன் போறான்டா!” என்று பிரகதீஷ் திரையைப் பார்த்துக் கத்தினார். கன்ட்ரோலரை வாங்கி அழுத்து அழுத்தென்று அழுத்தினார். வேங்கையன் இன்னொரு வெள்ளரிக்காய் எடுத்தான்.

“சண்டைக்கு அனுப்புனா சந்தைக்குப் போறான் பாருங்க,” என்றாள் ஷெரின். யாரும் சிரிக்கவில்லை.

நான் என் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தேன். மழை விட்ட பிறகு வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. துக்கம் இருந்தது. அது அவனைப் பிடித்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். “இவனுக்கு முடிந்துவிட்டது. யார் மேலும் இவனுக்கு ஒன்றும் இல்லை,” என்று உரை எழுதினேன்.

“கடுதாசி எழுதறீங்களா குழலி? ஒரு வார்த்தைல எழுதுங்க.”

“நிம்மதி.”

“நிம்மதிய எவன் காசு கொடுத்து வாங்குவான்?” என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

நிறுவனத்துக்கு இதுதான் சங்கடம். துக்கம் முடியாவிட்டால் அவன் வெளியே வரமாட்டான். முடிந்துவிட்டால் சண்டை போடமாட்டான். இரண்டு நாள் கழித்துப் பிரகதீஷ் ஒரு வழியோடு வந்தார். அந்த வழியைக் காட்டிக்கொடுத்தது என் உரைதான் என்று அவரே எல்லோர் முன்னிலையிலும் சொல்லி எனக்கு நன்றி தெரிவித்தார்.

“மச்சினன் வருவான். தலைவாசல் வரைக்கும் வருவான். உள்ள வரமாட்டான். இவன் எந்திரிச்சு வர வர, அவன் பின்னால போய்ட்டே இருப்பான். எப்பவும் கண்ணுக்குத் தெரியணும், எப்பவும் இருபது அடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாதுங்க. தோள்ல அந்தத் துணி இருக்கணும். கோட்டைக்குள்ள போவான், இவனும் போவான். நடுவுல எவன் குறுக்க வந்தாலும் வெட்டிட்டுப் போவான். என்ன சொல்றீங்க?”

ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “சார், அவனுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? நம்ம வீட்டு ஆளே நம்மளக் கண்டு விலகிப் போறான்னு நினைப்பான்.”

“நினைக்கட்டும். அதானே வேகம்.”

“அது கோபமில்ல சார்.”

“நீங்க அவனுக்கு உரை எழுதுங்க. கதைய நான் எழுதிக்கறேன்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். “குழலி, நூத்தி இருபது பேர் சம்பளம் இந்த வாசப்படியில நிக்குதுங்க.”

ஷெரின் அந்த நடையை எழுதினாள். சொன்ன நாளுக்கு முன்பே முடித்துவிட்டாள். “கட்டுற அசைவ அழிக்க மனசு வரலக்கா. அது அவனுக்குள்ளயேதான் கெடக்கு. இவன் கை எட்டுற தூரத்துக்கு வந்தாத்தானே அது வேலை செய்யும், வரப்போறதே இல்லையே,” என்றாள்.

வேங்கையன் புறப்பட்டான். அப்பப்பா, என்ன ஓட்டம்! முதல் கோட்டைக் கதவை உடைத்தான். அகழியில் குதித்தான். முதுகில் அம்பு தைத்ததைப் பிடுங்காமலே ஓடினான். சோதனைக்காக ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தார்கள்: இந்த மாதிரி ஒரு ஆவேசத்தை எந்த கேமிலும் பார்த்ததில்லை, அவன் கண்ணில் பழிவெறி தெரிகிறது. முன்னால் ஓடுபவனைக் கொலைகாரனின் ஒற்றன் என்று நினைத்துக்கொண்டார்கள். பிரகதீஷ் அதைத் திருத்தவில்லை.

ஆடியவர்கள் ஒவ்வொருவரின் கேமிலிருந்தும் வேங்கையனின் கோடுகள் என் திரைக்கு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வேங்கையனும் தனித்தனியாக ஓடினான். ஒருவனை வெட்டி வீழ்த்தும்போது கோட்டில் எதுவும் அசையவில்லை. வழியில் கிடக்கும் முள்ளை ஒதுக்குவதுபோல்தான். மச்சினன் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் எழும்பியது. பிறகு ஒரு கூனல். அந்தக் கூனல் என்ன என்று எனக்குத் தெரியும். வெட்கம். கல்யாண வீட்டில் நம்மைத் தெரியாததுபோல் ஒருவர் கடந்து போனால் வருமே, அது. நான் அப்படியே எழுதினேன். மறுநாள் அந்த வரி ‘கோபம்’ என்று திருத்தப்பட்டிருந்தது. திரும்பவும் எழுதினேன். திரும்பவும் ‘கோபம்’. திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்தான். அணைத்தாலும் அவர்கள் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிரகதீஷ் என்னைக் கூப்பிட்டார். இரண்டாம் பாகத்துக்கும் ஆவுடையப்பனிடமே பதிவு எடுக்க முடிவாகியிருந்தது. அவருடைய ஒப்புதல் வேண்டும்.

“உங்க ஊர்ப்பக்கம்தானே, நீங்களே போய்ட்டு வாங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. அவரு இன்னும் துக்கத்துலதான் இருக்காரானு பாருங்க. தேறிட்டாருன்னா நமக்கு வேண்டாம்.”

புளியங்குடியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அவர் வீடு. மண்டியை அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான் என்றார். சவரம் செய்யாத முகம், துவைத்த சட்டை. மாதக்கணக்காக அவர் தெருமுனையைத் தாண்டவில்லை என்பதைக் காப்பி கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

“மொதல்ல அவனக் காட்டுங்கம்மா,” என்றார் ஆவுடையப்பன். “என் மனச வச்சு என்ன செஞ்சு வச்சிருக்கியன்னு பாத்துட்டு மத்தது பேசுவோம்.”

லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் வெயில் அடித்ததால் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். வேங்கையன் முதல் கோட்டைக்கு முன்னால் நின்றான். இருபது அடி தள்ளி மச்சினன். கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து எது எதற்கு என்று சொன்னேன். அவர் எதையும் அழுத்தவில்லை. மச்சினனின் தோளைப் பார்த்தார்.

“அது உருமாத் துணிதான?”

“ஆமாய்யா.”

“கட்டாம என்னத்துக்கு அங்கன நிக்கான்?”

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

“உங்களுக்கு யாரு சொன்னா இத?”

“எதை?”

“இவன் போகப் போக அவன் வெலகுததை. எங்க கதைய உங்க ஆபிசுல யாருக்கும்மா தெரியும்?”

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். பதினாறாம் நாள் மச்சினன் திருமலைக்குமார் சுரண்டையிலிருந்து உருமாத் துணியோடு வந்திருக்கிறான். இவர் தலையில் எங்கள் பட்டை.

“நாப்பது நாளைக்குக் கழட்டக் கூடாதுன்னு உங்க கம்பெனியில சொல்லியிருந்தாவ. அவன் சொல்லுதான், ‘அத்தான், ஒரு நிமிசம் அதக் கழட்டுங்க, கட்டிட்டுத் திரும்ப மாட்டிக்கிடுங்க.’ நான் சொன்னேன், ‘பொறு மாப்ள, நாப்பது முடியட்டும், அப்புறம் வந்து கட்டு.’ ஊர்க்காரன் அம்புட்டு பேரும் நிக்கான். துணிய மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு, ‘எங்க அக்காவ விட அந்த வாரு ஒசத்தியாப் போச்சோ’ன்னான். போயிட்டான்.”

“நீங்க ஏன்யா இதுக்கு ஒத்துக்கிட்டீங்க?”

“நாள் போகப் போக மறந்திரும்னு எல்லாவனும் சொன்னானுவ. மறக்கதுக்கு முன்னால எங்கனயாவது எடுத்து வச்சிரணும்னு தோணிச்சு. வேற என்னத்த.” கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்புறம் நானே சுரண்டைக்குப் போனேன். ஒரு தடவ இல்ல. நான் பஸ்ஸ விட்டு எறங்குததக் கண்டா வயலுக்குப் போயிருவான். வயலுக்குப் போனா தென்காசிக்குப் போயிருவான்.”

நாங்கள் பதிவு செய்த நாற்பது நாளில் கடைசிப் பாதி முழுவதும் அவர் அவன் திரும்பி வருவான் என்று காத்திருந்திருக்கிறார். அதைத்தான் வேங்கையனுக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஆவுடையப்பன் கன்ட்ரோலரை அழுத்தினார். வேங்கையனைக் கோட்டைப் பக்கம் விடாமல் திருப்பினார்.

“ஐயா, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. வீடுதான் இருக்கு.”

“தெரியும்மா. அது நாம தேடிப்போயிக் கட்டிக்கிடுத சாமானா? அவன் வந்துல்லா கட்டணும். நாம வீட்ல இருக்கணும். நானும் புத்தி இல்லாம ஊரு ஊராத் திரிஞ்சேன்.”

வேங்கையன் தயங்கித் தயங்கி மெதுவாக நடந்தான், ஆனாலும் நடந்தான். பின்னால் திரும்பிப் பார்க்கும்படி ஆவுடையப்பன் ஒரு தடவை செய்தார். இருபது அடி தள்ளி மச்சினன் வந்துகொண்டிருந்தான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று எழுதப்பட்டவன், வேறென்ன செய்வான்?

வேங்கையன் தலைவாசலில் நுழைந்தான். முன்முற்றம், கூடம், அடுக்களை எல்லாம் தாண்டிக் கொல்லையின் கடைசிச் சுவரில் முதுகு முட்ட நின்றான். மச்சினன் தலைவாசலைத் தாண்டினான். செருப்பைக் கழற்றவில்லை, ஷெரின் அதை எழுதியிருக்கவில்லை. கூடத்துக்கு வந்து அக்காவின் விளக்குக்குப் பக்கத்தில் நின்றான். அடுக்களையின் இரண்டு கதவுகள் வழியாக ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தது.

“வீட்டுக்குள்ள வந்துட்டாம் பாத்தியளா,” என்றார் ஆவுடையப்பன்.

கோடு இறங்கத் தொடங்கியது. அடுத்த நிமிடமே என் ஃபோன் அடித்தது. பிரகதீஷ்.

“குழலி, கேமோட ஒரு காப்பில ரீடிங் இறங்குதுங்க. யாரோ அவனத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. எவன்னு பாருங்க.”

“என் காப்பிதான் சார்.”

“நீங்களா? அட, பிரமாதங்க! நல்லவேளை, வெளியாகறதுக்கு முன்னாடியே ஓட்டையக் கண்டுபிடிச்சுட்டீங்க. இதை ஒருத்தன் பண்ணி நெட்ல போட்டான்னா எல்லாவனும் வீட்டுக்குப் போய் உக்காந்துக்குவான். ஷெரின்கிட்ட சொல்லிட்டேன். வேங்கையன் ஒருக்கா வெளிய போய்ட்டா, அப்பறம் தலைவாசல் பூட்டிக்கும். உள்ள இருந்தும் தொறக்காது, வெளிய இருந்தும் தொறக்காது. அஞ்சு நிமிஷத்துல எல்லாக் காப்பிக்கும் வந்துரும்.”

“சார், வேண்டாம் சார். கொஞ்சம் பொறுங்க...”

“சிக்னல் விட்டு விட்டு வருதுங்க,” என்று வைத்துவிட்டார்.

லேப்டாப் என் ஃபோன் வழியாகத்தான் இணைப்பில் இருந்தது. இணைப்பைத் துண்டித்தால் திருத்தம் வராது. விரலை அதன் மேல் கொண்டு போனேன்.

“என்னம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?”

“வீட்டைப் பூட்டப் போறாங்கய்யா. இனிமே யாரும் இந்த மாதிரித் திரும்பி வரக்கூடாதுன்னு.”

“எந்தக் கதவ?”

“தலைவாசலை.”

அவர் திரையைப் பார்த்தார். “சுவரு ஏறிக் குதிக்க முடியுமா?”

“முடியாது. சுத்துச்சுவர் உயரம்.”

“குமாரு இப்ப உள்ளதான நிக்கான்?”

கேமில் அவனுக்குப் பெயரே வைக்கவில்லை. “ஆமா, உள்ளதான்,” என்றேன்.

“இவன் கிட்டப் போனா அவன் எங்கன போவான்?”

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. கோட்டைக்குப் போக இடமிருந்தது, அடுத்த ஊருக்குப் போக இடமிருந்தது. இருபது அடி விலகுவதற்கு உலகம் முழுக்க இடம் வைத்திருந்தோம்.

“பூட்டட்டும்மா,” என்றார் ஆவுடையப்பன்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். திரையின் மூலையில் ஒரு சிறு வட்டம் சுழன்றது, நின்றது. வேங்கையன் ஏற்கெனவே ஒருமுறை வெளியே போய் வந்தவன். எனவே தாமதமில்லை. தலைவாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தாழ் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஆவுடையப்பன் வேங்கையனை மெதுவாக நடத்தினார். கொல்லையிலிருந்து அடுக்களை. மச்சினன் கூடத்திலிருந்து முற்றத்துக்குப் பின்வாங்கினான். அடுக்களையிலிருந்து கூடம். மச்சினன் முற்றத்திலிருந்து தலைவாசலுக்குப் போனான். கதவு திறக்கவில்லை. இடப்பக்கம் ஒதுங்கினான், சுவர். வலப்பக்கம் வந்தான், சுவர். மறுபடி கதவை முதுகால் தள்ளினான். வேங்கையன் முற்றத்தில் காலை வைத்தான். இருபது அடி என்பது பதினைந்தானது. பத்தானது.

“ஓடாத மாப்ள,” என்றார் ஆவுடையப்பன், திரையைப் பார்த்து. “ஓடாத. கழட்டிட்டேன் பாரு. தலையில ஒண்ணும் இல்ல பாரு.”

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். ஆனாலும் வேங்கையன் நடந்தான். கை எட்டும் தூரத்தில் நின்றான். தலையைக் குனிந்தான். மச்சினனின் கை தோளுக்குப் போனது. துணியை எடுத்து ஓர் உதறு உதறினான். ஷெரின் அழிக்காமல் விட்டுவைத்த நாலு சுற்றுகள். ஒவ்வொன்றாகச் சுற்றி, நுனியைச் செருகினான்.

கோடு சீராக ஓடியது.

இருவரும் கடைவீதிக்குப் போகத் திரும்பினார்கள். கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு கூடத்துக்கு வந்து, விளக்குக்கு இரண்டு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். வெளியே குதிரை கனைத்தது. வேங்கையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வசமா மாட்டிக்கிட்டானுவ ரெண்டு பேரும்,” என்று சொல்லி ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்தார். “இனி எத்தன நாளைக்குன்னாலும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துத்தான் ஆவணும்.”

நான் ஃபோனை எடுத்து இணைப்பைத் துண்டித்தேன். அடுத்த திருத்தம் வரக்கூடாது. இரண்டாம் பாகத்துக்கான தாள்கள் பையில் இருந்தன. அவற்றை நான் வெளியே எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் இன்னும் துக்கத்தில்தான் இருக்கிறாரா என்று பிரகதீஷ் கேட்டால், தேறிவிட்டார், நமக்கு ஆகமாட்டார் என்று சொல்வதாக முடிவு செய்தேன். என் உரைகளில் முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

“இந்த லேப்டாப் இங்கேயே இருக்கட்டும் ஐயா. ஆபிசுல ஏதாவது சொல்லிக்கிடுதேன்,” என்றேன். என்னை அறியாமல் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

“வேண்டாம்மா. நீங்களே கொண்டு போயி பத்திரமா வச்சுக்கிடுங்க.”

“அவங்கள நீங்க அப்பப்பப் பாக்கலாமே.”

“அதுக்குத்தான் வேண்டாங்கேன். அவனுக்கு ஆயிட்டு. அதையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கும் ஆயிட்ட மாதிரி இருந்துரும்.”

எழுந்து போய், வெயிலுக்காக நான் ஒருக்களித்திருந்த வாசல் கதவை முழுசாகத் திறந்துவிட்டார். அது திரும்பவும் சாத்திக்கொள்ளாதபடி ஒரு எலுமிச்சைக் கூடையை முட்டுக் கொடுத்தார். பிறகு நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.